நூறு வெள்ளியில் வளைகாப்புப் பூ அலங்காரம்: ஈசூன் நான்கறை வீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் வீடு உண்மையில் ஒரே வீடு அல்ல. சிங்கப்பூரில் வீட்டோடு நடக்கும் சிறு விசேஷங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதை ஒரு வீட்டுக்குள் வைத்து எழுதியிருக்கிறோம். விலைகள் கணக்குப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்டவை. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் அவை மாறும். தண்டு எண்ணிக்கையும் நேரமும் பூ கெடும் விதமும்தான் இந்த ஆய்வின் சரக்கு.

நிலைமை

ஈசூனில் ஒரு நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு. ஞாயிறு காலை 11 மணிக்கு வளைகாப்பு, முப்பத்தைந்து பேர். பூவுக்கென்று ஒதுக்கிய தொகை மாலையும் சேர்த்து நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அலங்காரம் வேண்டிய இடங்கள்: கர்ப்பிணி உட்காரும் நாற்காலியின் பின்புறமும் பக்கங்களும், வாசலில் ஓர் உருளி, ஏழு சீர்த்தட்டுகள், சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை.

முதலில் வீட்டார் மனத்தில் இருந்தது நாற்காலிக்கு மேல் ஒரு பூ வளைவு. இந்தத் தொகைக்கு அது நடக்காது. இரண்டு மீட்டர் அகல வளைவில் கம்பி தெரியாமல் பூ வைக்க நூற்றைம்பது தண்டுக்குக் குறையாது. அதோடு, வளைவின் உச்சி பெரும்பாலான படங்களில் வருவதே இல்லை. வளையல் போடும்போதும் சந்தனம் பூசும்போதும் எடுக்கும் படங்களில் தரையிலிருந்து 70 செ.மீ. முதல் 150 செ.மீ. வரைதான் விழும். உட்கார்ந்திருப்பவரின் முகமும் கையும் இருக்கும் உயரம் அதுதான். காசை அந்தப் பட்டைக்குள் கொட்டினால் போதும்.

ஆகவே வளைவுக்குப் பதில் துணி. துணி காயவைக்கும் மூங்கில் கழி ஒன்றை இரண்டு புத்தக அலமாரிகளின் மேல் குறுக்காகக் கட்டி, ஒரே நிறத்தில் இரண்டு சேலைகளைப் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டார்கள். ஒரு சேலையின் அகலம் 115 செ.மீ. அளவு இருக்கும், இரண்டும் சேர்ந்தால் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மீட்டருக்கு மேல் பின்புலம். செலவு இல்லை. அதன் முன்னால் மூன்று பூத்தொகுதிகள்: இடப்பக்கம் முக்காலியின் மேல் உயரமான ஒன்று, வலப்பக்கம் தரையோரமாகத் தாழ்வான ஒன்று, கழியின் இடமூலையிலிருந்து தொங்கும் ஆர்க்கிட் கொத்து ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்ய முயலாதது நல்ல முடிவு. வீட்டில் செய்யும் ஜோடியில் ஒன்று எப்போதும் மெலிந்து தெரியும், கண் அங்கேயே போய் நிற்கும்.

வாங்கியது

கொத்துச் சாமந்தி நான்கு கட்டு, அதாவது 40 தண்டு, 20 வெள்ளி. டென்ட்ரோபியம் ஆர்க்கிட் இரண்டு கட்டு, 20 தண்டு, 12 வெள்ளி. ரோஜா 20 தண்டு, 14 வெள்ளி. கார்னேஷன் 10 தண்டு, 8 வெள்ளி. ஜெர்பெரா 10 தண்டு, 8 வெள்ளி. ஈரச்சந்தையில் பாண்டன் இலை மூன்று கட்டு, 3 வெள்ளி. கோழிக் கம்பிவலை, கேபிள் டை, ஒயாசிஸ் என்று கடைகளில் சொல்லும் பச்சை நுரைக்கட்டி ஒன்று, எல்லாம் சேர்த்து 9 வெள்ளி. ஆக 74. மீதி 26 வெள்ளி தேக்காவில் (லிட்டில் இந்தியா) மாலைக்கும் மல்லிகைச் சரத்துக்கும்.

மாலையை வீட்டில் கட்டாதது சரி. பழக்கமில்லாத கைக்கு ஒரு முழம் மல்லிகை தொடுப்பதே பெரும்பாடு. முந்தின இரவு தொடுத்தால் காலைக்குள் மொட்டு விரிந்து உதிரவும் தொடங்கும். பஃபலோ ரோடு, கேம்பல் லேன் பக்கம் மாலை கட்டுபவர்கள் அதே வேலையைச் சில நிமிடங்களில் முடிப்பார்கள். சொல்லிவைத்து ஞாயிறு காலை எடுப்பதுதான் சிக்கனம். வாங்கிய சரத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம்; ஈரம் பட்ட இதழ் பழுப்பாகிவிடும். வாழையிலையில் சுற்றி வைத்தால் போதும்.

எதை எப்போது வாங்கினார்கள் என்பதும் முக்கியம். சாமந்தியும் ரோஜாவும் வெள்ளிக்கிழமை மாலை. இவற்றுக்கு இரண்டு இரவு தண்ணீர் கிடைத்தால் ரோஜா மொட்டு விரிந்து இருபது தண்டு முப்பது தண்டின் இடத்தை நிரப்பும். ஆர்க்கிட், ஜெர்பெரா, கார்னேஷன் சனிக்கிழமை. சீன நாள்காட்டியில் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் ஒட்டி, வழிபாட்டுக்காகச் சாமந்தி நிறைய விற்கும். அந்த நாள்களுக்கு முந்தின மாலை சந்தைக்குப் போனால் நல்ல கட்டு மிஞ்சியிருக்காது. சீனப் புத்தாண்டு, காதலர் தினம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பூவைப் பார்ப்பதைவிட மற்றதைப் பார்க்க வேண்டும். சாமந்தியில் கீழ் இலை. அது மஞ்சளடித்திருந்தால் பழைய சரக்கு. மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வந்து கடையிலேயே பல நாள் நின்றது. பூவின் நடு இன்னும் இறுகிப் பச்சையோடியிருக்க வேண்டும். தண்டின் அடியை விரலால் தடவினால் வழவழப்பு இருக்கக் கூடாது. ரோஜாவை மொட்டின் அடியில் மெல்ல அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். பஞ்சு போல் அமுங்கினால் நாளையே உதிரும். ஆர்க்கிட்டில் தண்டில் பாதிக்கு மேல் விரிந்ததையே எடுக்க வேண்டும், நுனி மொட்டுகள் பெரும்பாலும் வீட்டில் விரியாது. ஜெர்பெராவின் நடுவட்டத்தில் வெளிவரிசை ஒன்றிரண்டில் மகரந்தம் தெரிந்தால் சரியான பருவம். ஒன்றுமே தெரியாவிட்டால் முதிராமல் வெட்டிய பூ, கழுத்து சீக்கிரம் மடங்கும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. வெள்ளைச் சாமந்தியும் மஞ்சள் சாமந்தியும் மட்டும் சேர்ந்தால் சீன நண்பர்களுக்குத் துக்க வீடு நினைவுக்கு வரும். நமக்கு மஞ்சள் மங்கலம்தான். ஆனாலும் விருந்தினரில் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டென்றால் இளஞ்சிவப்போ ஊதாவோ கலந்துவிடுவது மரியாதை. இந்த வீட்டில் இரண்டு கட்டு மஞ்சள், இரண்டு கட்டு ஊதா.

காசு மிச்சமாகும் என்று கீழே இறங்கிச் சாலையோரச் செடியிலோ பூங்காவிலோ கிளை ஒடிக்கும் எண்ணம் வேண்டாம். அது குற்றம், அபராதம் உண்டு. பச்சைக்குப் பாண்டன் போதும். அதைவிட மலிவான, நாள்பட நிற்கும் இலை ஈரச்சந்தையில் இல்லை. கறிவேப்பிலை அழகாக இருக்கும், ஆனால் தண்ணீருக்கு வெளியே இரண்டு மூன்று மணி நேரத்தில் சுருளும். மாவிலை தாக்குப்பிடிக்கும்.

இரவுத் தண்ணீர்

முழு அலங்காரமும் நிற்பதும் விழுவதும் இந்தக் கட்டத்தில்தான். வெட்டிய தண்டு தண்ணீர் உறிஞ்சும் குழாய்கள் இரண்டு காரணத்தால் அடைபடும். ஒன்று, வெட்டுவாயில் புகுந்த காற்று. இன்னொன்று, தண்ணீரில் பெருகும் பாக்டீரியா. சிங்கப்பூரில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இதழ் காய்வது குளிர்நாட்டு அறைகளைவிட மெதுவாகத்தான். ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது. வாளித் தண்ணீர் ஒரே இரவில் கலங்கிவிடும். நம் ஊரில் பூவுக்கு ஆபத்து காய்ந்த காற்று அல்ல, கெட்ட தண்ணீர். விதிவிலக்கு ஏர்கான் ஓடும் அறையும் மின்விசிறிக்கு நேர் கீழும். அங்கே இதழ் ஓரம் காய்ந்து பழுக்கும்.

வாளிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொஞ்சம் குளோராக்ஸ் பிளீச் கலந்த தண்ணீரில் அலசினார்கள். தண்டின் அடியிலிருந்து 2, 3 செ.மீ. சாய்வாக வெட்டினார்கள். சமையலறைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். கூரான பழக்கத்தி நல்லது. ரோஜாவை மட்டும் ஒரு பேசின் தண்ணீருக்குள் வைத்தே வெட்ட வேண்டும், காற்று புகுந்தால் அதுதான் முதலில் தலை கவிழும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. ரோஜாவின் வெளிப்புறத்தில் கசங்கிய இரண்டு மூன்று இதழ் இருக்கும். அவை உள்ளிதழைக் காக்க விட்டவை, கிள்ளி எடுத்துவிடலாம்.

தண்ணீருக்குக் கலவை: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, வாசனையில்லாத சாதாரண பிளீச் கால் தேக்கரண்டி. பிளீச்சை முதலில் முழு லிட்டர் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு சாற்றைச் சேர்க்க வேண்டும். பிளீச்சையும் எலுமிச்சையையும் நேருக்கு நேர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலுக்கு ஆகாது. சர்க்கரை பூவுக்கு உணவு, சாறு தண்ணீரைச் சற்றுப் புளிப்பாக்கி உறிஞ்சுவதை எளிதாக்கும், பிளீச் பாக்டீரியாவை அடக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் பயன். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து வைத்த கதைதான். ஆஸ்பிரின், காசு போடுவதெல்லாம் நம்பிக்கை. சாமந்திக்குச் சர்க்கரை தேவையில்லை, பிளீச் மட்டும் போதும். இனிப்பு கூடினால் அதன் இலை கெடும்.

சாமந்தி, ரோஜா, ஆர்க்கிட் வாளிகளில் 15 செ.மீ. தண்ணீர். ஜெர்பெராவுக்கு 5 செ.மீ. போதும். அதன் தண்டு மென்மையானது, ரோமம் நிறைந்தது; ஆழத் தண்ணீரில் நின்றால் அழுகும். ரோஜாவையும் ஜெர்பெராவையும் செய்தித்தாளில் குழல் போல் சுற்றி நிறுத்தினால் தண்ணீர் ஏறும்வரை தண்டு நேராக நிற்கும். வாளிகள் இருக்க வேண்டிய இடம் குளியலறை: இருட்டு, விசிறி இல்லை, ஈரம் உண்டு. குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க.

பூவை நிறுத்துவது

இடப்பக்கத் தொகுதிக்கு வீட்டிலிருந்த எவர்சில்வர் குடமே பாத்திரம். பூ வைக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடைப்பது அரிது. கழுத்து 10 செ.மீ. அளவுதான், அதனால் தண்டுகள் தானாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அடி கனம், கவிழாது. ஆனால் பிளீச் கலந்த தண்ணீரை எவர்சில்வரிலோ பித்தளையிலோ நேரே ஊற்றினால் உலோகம் அரிக்கும். அதனால் 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, அடிப்பகுதியை உள்ளே இறக்கினார்கள். சாதாரணப் பாட்டிலின் விட்டம் 9 செ.மீ., கச்சிதமாகப் போகும்.

பாட்டிலுக்குள் கம்பிவலை. ஓட்டை 2.5 செ.மீ. உள்ள வலையில் 30 செ.மீ. சதுரம் வெட்டி, இறுக்கிக் கசக்காமல் தளர்வாக உருட்டித் திணிக்க வேண்டும். ஒரு தண்டு மூன்று அடுக்கு வலையைக் கடந்து இறங்கினால் ஆடாது. இறுக்கி உருட்டினால் பத்தாவது தண்டுக்குப் பிறகு எதுவும் நுழையாது. வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், டேப் சுற்றிவிடுவது நல்லது.

வரிசை: பாண்டன், சாமந்தி, ரோஜா, கடைசியாக ஆர்க்கிட். பாண்டன் இருபது இலை. பாதியை நீட்டமாக விட்டு, மீதியை மடித்து வளையமாக்கி ரப்பர் பேண்டால் கட்டிச் செருகியதில் பாத்திரத்தின் வாய் மறைந்தது. உயரத்துக்குப் பாத்திரத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்பது நல்ல கணக்கு. குடம் 25 செ.மீ. என்றால் வாயிலிருந்து உச்சிப்பூ 38 செ.மீ. மேலே. முக்காலி 45 செ.மீ., ஆக உச்சி தரையிலிருந்து 108 செ.மீ., படத்தில் விழும் பட்டைக்கு நடுவில். சாமந்தி 15, ரோஜா 8, ஆர்க்கிட் 8 தண்டு இதற்குப் போயின. பின்பக்கம் சேலை இருப்பதால் அங்கே பூ எதற்கு? முக்கால்வாசி முன்பக்கமும் ஓரங்களும் மட்டும் நிறைத்தார்கள். வீட்டில் செய்பவர்கள் விடும் பெரிய காசு யாரும் பார்க்காத பின்பக்கத்தில்தான் விரயமாகிறது.

வலப்பக்கத் தாழ்தொகுதிக்கு நுரைக்கட்டி. சாமந்தி 10, ரோஜா 10. இது எப்படிப் போனது என்று கீழே வரும்.

மூலையில் தொங்கும் கொத்துக்குத் தண்ணீர் பாத்திரம் வைக்க முடியாது. எட்டு ஆர்க்கிட் தண்டுகளைக் கையில் சேர்த்து, அடியில் நனைத்த பஞ்சைச் சுற்றி, சிறு பிளாஸ்டிக் பையில் இறக்கி ரப்பர் பேண்டால் இறுக்கி, மேலே பாண்டன் இலை சுற்றி மறைத்து, கேபிள் டையால் கழியில் கட்டினார்கள். இப்படிக் கட்டினால் ஆர்க்கிட்டும் சாமந்தியும் ஐந்தாறு மணி நேரம் நிற்கும். ரோஜாவை இதில் நம்ப வேண்டாம்.

உருளி

விட்டம் 35 செ.மீ. உள்ள உருளியைச் சாமந்தித் தலைகளால் முழுக்க நிரப்ப வேண்டுமென்றால், தலை ஒன்று 4 செ.மீ. அகலம் என்று கொண்டால் எழுபது தலை வேண்டும். தண்டுக்கு ஆறு தலை என்றால் பன்னிரண்டு தண்டு, அதாவது ஒரு கட்டுக்கு மேல். வாசலில் செருப்புக் கழற்றும் இடத்தில் அரை நிமிடம் பார்க்கும் பாத்திரத்துக்கு இது அதிகம். விளிம்பை ஒட்டி ஒரே வளையம் என்றால் இருபத்து நான்கு தலை, நான்கு தண்டு. நடுவில் தண்ணீர், அதில் இரண்டு மிதக்கும் மெழுகுவிளக்கு, சில ரோஜா இதழ். நிறைத்ததைவிட இதுதான் அழகு என்பது எங்கள் கட்சி, விளக்கின் ஒளி தண்ணீரில் தெரிகிறது அல்லவா. தலையோடு ஒரு செ.மீ. தண்டை விட்டு நறுக்கினால் கவிழாமல் மிதக்கும். தண்ணீர் 4 செ.மீ. ஆழம் போதும். தாழ்வாரத்தில் வைத்தால் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். இந்த வீட்டில் வாசற்படிக்கு உள்பக்கமே வைத்தார்கள்.

சீர்த்தட்டு ஏழுக்கும் தட்டுக்கு மூன்று சாமந்தித் தலை என்று இருபத்தொன்று, நான்கு தண்டுக்குள் அடங்கியது. ஆர்க்கிட் மீதி நான்கும் ரோஜா இரண்டும் வளையல் தட்டுக்கும் சந்தனத் தட்டுக்கும். சாமந்தி ஏழு தண்டு கையிருப்பு. இந்த ஏழு இல்லாவிட்டால் பிற்பகல் படங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கெட்டுப்போனவை

ஆர்க்கிட்டில் ஒரு கட்டு. உதவிக்கு வந்திருந்த அத்தை, பூ வாடக் கூடாதே என்று சனி இரவு பத்துத் தண்டுகளை ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டார். மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் செய்யும் பழக்கம்தான். காலையில் எடுத்தபோது பளபளவென்றே இருந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எட்டுத் தண்டு மூலைக் கொத்துக்குப் போனது. பன்னிரண்டு மணிக்குள் இதழ்களில் நீர் கோத்தது போல் திட்டுகள், பிறகு பழுப்பு. டென்ட்ரோபியம் வெப்பமண்டலப் பூ. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே அதன் திசு சேதமாகும், ஐஸ்பெட்டிக்குள் இருப்பது 4 டிகிரி. சேதம் குளிரில் தெரியாது, வெளியே வந்து சூடானபின்தான் காட்டிக்கொடுக்கும். குளியலறை வாளியில் நின்ற மற்றப் பத்தும் அடுத்த வாரமும் நன்றாக இருந்தன.

கார்னேஷன் பத்தும். சாப்பாட்டு மேசைக் குவளைக்கென்று வைத்தவை. சனி இரவு அவற்றைப் படுக்கையறையில் ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அதே அறையில்தான் சீர்த்தட்டுக்கான வாழைப்பழமும் மாம்பழமும். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும். கார்னேஷனுக்கு அது மிக நுண்ணிய அளவிலேயே போதும். காலையில் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு, பூ தூங்குவது போல் மூடிக்கொண்டிருந்தது. இது வாட்டம் அல்ல, தண்ணீர் மாற்றினால் மீளாது. ஆர்க்கிட்டும் எத்திலீனுக்கு அஞ்சும், சாமந்தி அசையாது. நம் விசேஷங்களில் பூவும் பழமும் ஒரே தட்டில் இருக்க வேண்டியவை என்பதால் இது தமிழ் வீடுகளுக்கே உரிய ஆபத்து. பழங்களைக் காற்றோட்டமான சமையலறையில் வைத்து, தட்டில் அடுக்குவதைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளினால் போதும். தட்டுக்குச் சாமந்தி.

கார்னேஷன் போனதால் குவளைக்கு ஜெர்பெரா வந்தது. குவளை நிறையத் தண்ணீர், மேலே மின்விசிறி. ஒரு மணிக்குள் பத்தில் ஆறு கழுத்து மடங்கின. இந்தப் பூவைக் காப்பாற்ற வழி உண்டு: தண்ணீர் 5 செ.மீ., தண்டுக்குள் மெல்லிய கம்பி அல்லது வெளியே ஒளி ஊடுருவும் ஸ்டிரா, விசிறியிலிருந்து தூரம். ஆனால் இவ்வளவு செல்லம் கேட்கும் பூ மலிவு அலங்காரத்துக்கு ஏற்றதல்ல.

நுரைக்கட்டி. 23 செ.மீ. நீளக் கட்டியைத் தண்ணீரில் கையால் அமுக்கி நனைத்தார்கள். அமுக்கினால் வெளிப்புறம் முதலில் நனைந்து, உள்ளே காற்று சிறைப்படும். வெளியே ஈரம் சொட்டும், நடுவில் உலர்ந்த உருண்டை இருக்கும். அந்த உலர்ந்த இடத்தில் முனை போய் நின்ற ஐந்து ரோஜாக்கள் பதினொன்றரைக்கே தலை கவிழ்ந்தன. கட்டியை வாளித் தண்ணீரின் மேல் மெல்ல வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தன் பாட்டில் ஒரு நிமிட அளவில் மூழ்கும். செருகிய தண்டைப் பாதி வெளியே இழுத்து மாற்றவும் கூடாது, அடியில் காற்றறை உண்டாகும். காய்ந்த கட்டி மறுபடி சரியாக நனையாது, ஆக ஒரு முறைதான். உதிரும் தூள் பிளாஸ்டிக் தூளே. கழுவிச் சாக்கடையில் விடக் கூடாது. இத்தனைக்கும் பிறகு எங்களுக்கு அந்தக் கட்டி மேல் பிரியம் இல்லை. கம்பிவலை பல ஆண்டு உழைக்கும். வலை இல்லாவிட்டால் வாழைமரத் தண்டுத் துண்டு ஒன்றே ஒரு நாள் விசேஷத்துக்குப் போதும்: பல்குத்தும் குச்சியால் துளையிட்டுச் சாமந்தித் தண்டைச் செருகினால் அதிலுள்ள நீரிலேயே நிற்கும். அடியில் தட்டு வேண்டும், அதன் சாறு துணியில் பட்டால் கறை போகாது.

கறை என்றதும் சேலை. பின்புலத்துக்குப் பட்டு போட்டிருந்தார்கள். ஆர்க்கிட் கொத்திலிருந்து கசிந்த தண்ணீர் ஒரு பட்டில் கோடாக இறங்கியது. பருத்தியோ பாலியஸ்டரோ போட்டால் இந்தக் கவலை இல்லை, படத்தில் வித்தியாசமும் தெரியாது.

உருளியில் ரோஜா இதழ்களைக் காலை ஏழு மணிக்கே தூவியதால் பதினொன்றுக்குள் ஓரம் பழுத்தன. தூவ வேண்டியது பத்தரைக்கு.

தலை கவிழ்ந்த ரோஜா ஐந்தில் மூன்றை மீட்டார்கள். தண்டை 2 செ.மீ. மறுபடி வெட்டி, அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பூவும் தண்டும் முழுக ஒரு மணி நேரம் படுக்கப்போட்டால் குழாயில் சிக்கிய காற்று விடுபடும். ஆனால் அதற்குள் வளையல் போட்டு முடிந்துவிட்டது. வெற்றிடங்களில் கையிருப்புச் சாமந்திதான் நின்றது.

கணக்கு

இழப்பு: கார்னேஷன் 8 வெள்ளி, ஆர்க்கிட் 6, ஜெர்பெரா ஆறு தண்டு 4.80, ரோஜா ஐந்து 3.50. மொத்தம் 22.30 வெள்ளி. பூவுக்கென்று கொடுத்தது 62 வெள்ளி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழாவில் பயன்படாமல் போனது. இதில் ஒரு காசுகூட மட்டமான சரக்கால் போனதல்ல. அத்தனையும் வாங்கியபின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. மலிவான கடை தேடித் தீவின் மறுமுனைக்குப் போனாலும் கட்டுக்கு ஒரு வெள்ளி குறையலாம், ஐந்தாறு வெள்ளி மிஞ்சும், அதிலும் போக்குவரத்துச் செலவு உண்டு.

இதே வீட்டுக்கு இன்னொரு விசேஷம் என்றால் பட்டியல் இப்படி மாறும். கார்னேஷன், ஜெர்பெரா இரண்டும் வேண்டாம். சாமந்தி ஐந்து கட்டு, பாண்டன் நான்கு கட்டு. ஆர்க்கிட், ரோஜா அதே அளவு. நுரைக்கட்டி கிடையாது, தாழ்தொகுதிக்கும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கம்பிவலை, வெளியே பாண்டன் இலையைச் செங்குத்தாக அடுக்கி நூலால் கட்டினால் டப்பா மறையும். சாப்பாட்டு மேசைக்குத் தனியாகப் பூ வாங்காமல், குட்டையாக ஒடிந்த சாமந்தித் தலைகளை மூன்று கண்ணாடி டம்ளர்களில் வைத்தால் போதும். சாப்பிடுபவர்கள் எதிரே இருப்பவரின் முகத்தையும் பார்க்கலாம். 74 வெள்ளிப் பட்டியல் 62 ஆகிறது, கம்பிவலை ஏற்கெனவே இருந்தால் இன்னும் குறையும்.

விழாவுக்குப் பிறகு

குடத்திலும் டம்ளரிலும் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உள்சுவரைப் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது, காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தார் சோதனைக்கு வரும்போது பூக்குவளையையும் பார்ப்பார்கள், கொசுப்புழு இருந்தால் அபராதம்.

தண்ணீர் மாற்றும் அதே நேரத்தில் தண்டையும் ஒரு செ.மீ. நறுக்கினால் சாமந்தி பத்து நாள் தாண்டியும் நிற்கும். ரோஜா நாலைந்து நாளில் முடியும். அதை எடுத்த இடத்தைப் பாண்டன் வளையம் நிரப்பும். சாமந்தியில் முதலில் இலைதான் வாடும், பூ அல்ல. இலையை எல்லாம் உருவிவிட்டுப் பூவை மட்டும் குட்டையாக வெட்டி டம்ளருக்கு மாற்றினால் பூசை மாடத்துக்கு இன்னும் சில நாள் ஓடும்.